டேப்பைக் கையில் எடுங்கள்: முதலாண்டு கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



முதல் செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்களுக்குள் கட்டடக்கலை வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பள்ளி ஓவியப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்கள் ஒரு பக்கம். கணக்கும் இயற்பியலும் கைகொடுத்ததால் உள்ளே வந்து, இப்போது ஏ1 ஷீட்டின் வெள்ளையைப் பார்த்து மிரண்டு நிற்பவர்கள் மறு பக்கம். இந்த மடல் இரண்டாம் தரப்பாருக்கு. முதல் தரப்பாரும் படிக்கலாம், அவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை இதில் உண்டு. உங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல்கள் இரண்டு: "வரைய வரைய வந்துவிடும்", "பயப்படாமல் கோடு போடு". முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஒன்றும் சொல்லவில்லை. கையில் இல்லாததை எடுத்துச் செலவழிக்கச் சொல்கிறது. கட்டடக்கலை மாணவருக்கு வரைதலில் நம்பிக்கை பாராட்டிலிருந்து வருவதில்லை, சரிபார்ப்பதிலிருந்து வருகிறது என்பது என் வாதம். ஓவியருக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் வரைந்த ஜன்னல் சரியா தவறா என்று டேப் வைத்து அளந்து பார்த்துவிடலாம். அந்த வசதியை முதலாண்டில் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம்.

பயம் எங்கே தொற்றியது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நம் பள்ளிகளில் வரைதல் என்பது பெரும்பாலும் படத்தைப் பார்த்துப் படம் போடுவது. உயிரியல் ரெக்கார்டு நோட்டை நினைத்துப் பாருங்கள். தவளையின் ஜீரண மண்டலத்தை வரைபவர் தவளையைப் பார்ப்பதில்லை. புத்தகத்தைப் பார்க்கிறார், அல்லது போன வருடத்து ரெக்கார்டைப் பார்க்கிறார். மதிப்பெண் சுத்தத்துக்கு. அழித்த தடம் தெரிந்தால் குறையும். கோடு ஒரே தடவையில் பிசகாமல் விழ வேண்டும், விழுந்ததை யாரிடமாவது காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் அங்கேதான் ஊறின. நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் இதை மாற்றுவதில்லை. கட்டடக்கலை நுழைவுத் தேர்வான நாட்டாவில் 200க்கு 80 மதிப்பெண் வரைதலுக்கும் காம்போசிஷனுக்கும் போகிறது. அதைப் பிடிக்க ஒரு சந்தை, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு கடற்கரை என்று ஆயத்தக் காட்சிகளைக் கை மனப்பாடம் செய்துகொள்கிறது. ஆக, கல்லூரிக்குள் நுழையும்போது நீங்கள் எத்தனையோ படங்கள் போட்டிருப்பீர்கள். எதிரில் இருக்கும் ஒரு நாற்காலியை அளவு பார்த்து வரைந்திருக்கமாட்டீர்கள். முன்பின் செய்யாத வேலையில் தடுமாறுவதைத் திறமைக் குறைவு என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்கிறீர்கள்.

"கை வரவில்லை" என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். கையின் மேல் பழி போடுவது சரியில்லை. ஐந்து வயதில் ஞ, ண, இ, ஐ ஆகியவற்றை எழுதப் பழகிய கை உங்களுடையது. அந்தச் சுழிகளில் இருக்கும் நுட்பம் ஒரு மேசையின் நான்கு விளிம்புகளில் இல்லை. இது வெறும் ஊகமும் இல்லை. 1997இல் டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், பார்ப்பதை ஏன் பெரும்பாலோரால் வரைய முடிவதில்லை என்று ஆராய்ந்தார்கள். கையின் கட்டுப்பாடு போதாமையா, எதை வரைவது எதை விடுவது என்ற தேர்வில் கோளாறா, வரைந்த படத்தைத் தவறாகப் பார்ப்பதா, எதிரிலுள்ள பொருளைத் தவறாகப் பார்ப்பதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள். புகைப்படத்தின் மேல் தடம் பிடித்து வரையச் சொன்னபோது, ஓவியப் பயிற்சி இல்லாதவர்களும் நன்றாகவே வரைந்தார்கள். அப்படியானால் கையில் பெரிய குறை இல்லை. பெரும்பகுதிப் பிழை பொருளைப் பார்க்கும் கட்டத்திலேயே புகுந்துவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் இதை அப்படியே ஏற்கவில்லை, வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் பழியைக் கையிலிருந்து கண்ணுக்கு மாற்றியது பெரிய விஷயம்.

கண் எப்படித் தவறுகிறது என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர் ராபர்ட் தௌலஸ் 1931லேயே காட்டியிருந்தார். சாய்வாக வைத்த வட்டத் தகடு கண்ணுக்கு ஒடுங்கிய நீள்வட்டமாகத்தான் விழுகிறது. ஆனால் 'தெரிவதை மட்டும் காட்டுங்கள்' என்று கேட்டால், மக்கள் அதைவிட உருண்டையான ஒன்றையே காட்டுகிறார்கள். அது வட்டம் என்று மனதுக்குத் தெரியும். தெரிந்தது பார்த்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. முதலாண்டு ஸ்கெட்ச்களில் மேசையின் மேற்பரப்பு எப்போதும் அகன்று, பார்ப்பவர் கூரையில் தொங்கிக்கொண்டு பார்த்ததுபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான். வராந்தாவின் தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தூரம் போகப் போக நாம் நினைப்பதைவிட வெகு வேகமாகச் சுருங்குவதும், வரைபவர் அவ்வளவு சுருக்கத் துணியாமல் நடுவில் மாட்டிக்கொள்வதும் இதே கதை. இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் ஒரே திசை உண்டு என்பதைக் கவனியுங்கள். திசை தெரிந்த பிழையைத் திருத்திவிடலாம். அடுத்த தடவை மேசையை வரையும்போது கண் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒடுக்கிப் பாருங்கள், படம் சட்டென்று தரையில் இறங்கும். கோஹன் பின்னர் செய்த இன்னோர் ஆய்வில், பொருளையும் தாளையும் அடிக்கடி மாறி மாறிப் பார்ப்பவர்களின் படங்கள் துல்லியமாக இருந்தன. நீண்ட நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, குனிந்து ஒரே மூச்சில் வரைபவர், வரைவது நினைவைத்தான்.

இனி டேப்புக்கு வருகிறேன். நான் பரிந்துரைக்கும் பயிற்சி எளிமையானது, கொஞ்சம் அலுப்பூட்டுவதும்கூட. எதை வரைந்தாலும், வரைவதற்கு முன் அதன் முக்கிய அளவுகளைக் கண்ணால் மதிப்பிட்டுத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள்: கதவு உயரம் இவ்வளவு, திண்ணையின் மட்டம் இவ்வளவு, தூண் விட்டம் இவ்வளவு. வரைந்து முடித்தபின் எழுந்துபோய் டேப் போட்டு அளந்து, உண்மை அளவைச் சிவப்பில் பக்கத்தில் எழுதுங்கள். மதிப்பீட்டை அழிக்கக் கூடாது. சில வாரங்களில் உங்கள் கண்ணின் குணம் உங்களுக்கே பிடிபடும். சிலர் உயரங்களைத் தொடர்ந்து குறைத்துப் போடுவார்கள். சிலர் தலைக்கு மேலிருப்பதை எல்லாம் கூட்டிவிடுவார்கள். டேப் இல்லாத இடத்தில் உடம்பே போதும். சாண், முழம், அடி என்று உடம்பையே அளவுகோலாக வைத்திருந்த ஊர் நம்முடையது. உங்கள் சாண் எத்தனை மில்லிமீட்டர், இயல்பான நடையில் ஓர் எட்டு எத்தனை என்று இன்றே அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சமதரையில் உங்களுக்கு நிகரான உயரமுள்ளவர்கள் எத்தனை தூரத்தில் நின்றாலும் அவர்கள் கண்கள் உங்கள் கண்மட்டக் கோட்டில்தான் விழும் என்ற ஒரே விதியைத் தெரிந்துகொண்டால், கூட்டமான ஒரு கடைத்தெருவை வரைவதில் பாதிப் பயம் போய்விடும். கண்களை ஒரு வரிசையில் வைத்துவிட்டு உருவங்களைத் தூரத்துக்கேற்பப் பெரிதாகவோ சிறிதாகவோ போட்டால் போதும்.

இந்தப் பழக்கம் ஸ்கெட்ச் புத்தகத்தோடு நிற்பதில்லை. பிளானும் செக்‌ஷனும் வரையும்போதுதான் இதன் முழுப் பயன் தெரியும். 1:100 அளவில் 230 மி.மீ. செங்கல் சுவர் தாளில் 2.3 மி.மீ. அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு ஒன்று கட்டடத்தில் 50 மி.மீ. தடிமனுக்குச் சமம். ஆகவே உங்கள் கோடு நடுங்குகிறதா என்பதைவிட, அது சுவரின் உள்முகத்தில் நிற்கிறதா வெளிமுகத்தில் நிற்கிறதா என்பது முக்கியம். படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள், முதலாண்டு வீட்டுத் திட்டங்களில் அதிகம் அடிவாங்குவது அதுதான். தளத்துக்குத் தளம் 3,000 மி.மீ. என்றால், 150 மி.மீ. உயரப் படிகள் 20 வேண்டும். மிதிகள் 19. ஒரு மிதி 300 மி.மீ. என்றால் நேராக ஏறும் படிக்கட்டுக்கு 5,700 மி.மீ. நீளம் தேவை. பாதியில் திரும்பும் படிக்கட்டாகப் போட்டால் ஒவ்வொரு பாதியிலும் 9 மிதி, 2,700 மி.மீ.; திரும்பும் இடத்துக்கு 1,000 சேர்த்தால் 3,700. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிக்கும் எல்லைக்கே போய், 190 மி.மீ.க்குள் உயரமும் 250 மி.மீ. மிதியும் வைத்தாலும் நேர்ப் படிக்கட்டு 3,750 மி.மீ. கேட்கும். ஆனால் பிளானில் அதற்கு ஒதுக்கியிருப்பது பெரும்பாலும் ஒரு மூலையில் இரண்டு மீட்டர்! இதை அழகான கோட்டால் மறைக்க முடியாது. அதே சமயம், இந்தக் கணக்கைப் போட்டு அந்த 20 படிகளையும் செக்‌ஷனில் ஒவ்வொன்றாக ஏற்றி, மேலே தலை இடிக்காது என்பதையும் உறுதிசெய்த மாணவருக்கு, ஜூரியில் யார் கேட்டாலும் குரல் கம்மாது. கோடு கோணலாக இருந்தாலும் படி நிற்கும்.

அளவு என்று சொன்னதும் வரும் முதல் மறுப்பு தெரிந்ததுதான். "டேப்பும் கணக்கும் கற்பனையைக் கொன்றுவிடும், பெரிய கட்டடக் கலைஞர்கள் நாப்கினில் கிறுக்கித்தானே தொடங்கினார்கள்?" கிறுக்கலுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் சிட்னி ஆபரா ஹவுஸ், அதையே பார்ப்போம். 1957இல் டென்மார்க்கின் யோர்ன் உட்சனுக்குப் பரிசைத் தந்த நடுவர் குழு, அவருடைய படங்கள் வெறும் குறிப்புப் படம் என்னும் அளவுக்கு எளிமையானவை என்று தன் அறிக்கையிலேயே சொன்னது. பளபளப்பான பிரசன்டேஷன் இல்லாமலே ஒரு திட்டம் வெல்லலாம் என்பதற்கு இது சான்று; இரண்டாம் தரப்பார் குறித்துக்கொள்ளலாம். கதை அதோடு முடியவில்லை. கையால் வளைத்து வரைந்த, சிப்பி ஓடு போன்ற அந்தக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்று ஓவ் ஆரப் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு வடிவகணிதம் விட்டு இன்னொன்றாக முயன்றார்கள். 1961இல்தான் வழி பிறந்தது: எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக எடுத்துக்கொள்வது. அதன்பின் ஒரே வகை அச்சுகளில் கான்கிரீட் துண்டுகளை வார்த்து அடுக்க முடிந்தது. கற்பனையை அளவு கொன்றதா, கட்டித் தந்ததா? அந்தக் கோளம் கிடைக்காதிருந்தால் உட்சனின் கோடு இன்றும் ஓர் அலமாரியில்தான் இருந்திருக்கும்.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. மரபுச் சிற்பக் கலையில் சிலைகளைத் தாளம் என்னும் அளவுக் கணக்கில் பகுக்கிறார்கள். உத்தம தச தாளத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் உங்கள் ஸ்கேலில் இருப்பதல்ல, அந்தச் சிலையின் உயரத்திலிருந்தே எடுக்கும் ஒரு கூறு. நடுவே இறங்கும் சூத்திரக் கோடும், முகம், கழுத்து, மார்பு என்று இறங்கும் பகுப்பும் முதலில்; நகையும் மடிப்பும் பிறகு. மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு சிற்பக் கல்லூரியில் இன்றும் இந்த மரபு கற்பிக்கப்படுகிறது. சோழர் கால வெண்கலங்களைப் பார்த்துவிட்டு, கணக்குப் போட்டுச் செய்ததால் உயிரில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கே துல்லியம் வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டதால், மற்ற இடங்களில் சிற்பியின் கை தயங்காமல் போகிறது. அந்தத் தயக்கமின்மையைத்தான் நாம் வெளியிலிருந்து பார்த்து நம்பிக்கை என்கிறோம்.

அடுத்த மறுப்பு பிறவித் திறமை பற்றியது. அது இல்லவே இல்லை என்று நான் வாதிடப்போவதில்லை. சிலருக்குக் கை சீக்கிரம் படியும், அதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் கட்டடக் கலைஞர் ஆவதற்கு அது எவ்வளவு தேவை என்பதுதான் கேள்வி. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா முதலில் வழக்கறிஞராக இருந்தவர். லண்டனில் கட்டடக்கலைப் படிப்பை முடித்து அவர் தகுதி பெற்றபோது வயது 38. அவருடைய அலுவலகத்தின் வரைபடங்கள் உலகப் புகழ் பெற்றவை; மனையில் நிற்கும் மரங்கள்கூட இன்ன இனம் என்று தெரியும்படி இலை இலையாக வரையப்பட்டவை. அவற்றில் பலவற்றின் பின்னால் இருந்தது லக்கி சேனநாயக்க போன்றோரின் கை. சேனநாயக்க கட்டடக்கலை படித்தவரல்ல, ஓவியர், சிற்பி. நன்றாக வரையும் கை வேறொருவருடையதாக இருக்கலாம். எங்கே சுவர் முடிந்து முற்றம் தொடங்க வேண்டும் என்று அறிந்த கண் பாவாவினுடையது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதற்கு நேர்மாறு. தன் சிறு நூல்களுக்கான படங்களைத் தானே வரைந்தார், செங்கல்லை எப்படி அடுக்கினால் செலவு குறையும் என்று சாதாரண மக்களுக்கும் புரியும்படி. அந்தப் படங்களில் வித்தை காட்டும் கோடு ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். முதல் தரப்பாருக்கான எச்சரிக்கையும் இங்கேயே வருகிறது: சீக்கிரம் படிந்த கை ஒரு சௌகரியம், ஆபத்தும்கூட. நிழலும் மரமும் போட்டுச் செக்‌ஷனின் ஓட்டையை மூடப் பழகியவருக்கு, அது ஓட்டை என்பதே மூன்றாம் ஆண்டு வரை தெரியாமல் போகலாம்.

"எல்லாம் ரெவிட்டிலும் ஸ்கெட்சப்பிலும் வந்துவிட்ட பிறகு, நாலு வார்த்தை தட்டினால் செயலி படம் போட்டுத்தரும் காலத்தில், இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இறுதி வரைபடங்கள் இனி கணினியில்தான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் திரையில் அளவு நழுவிப்போகும். சக்கரத்தை உருட்டினால் கதவுக் கைப்பிடியும் கட்டடம் முழுதும் ஒரே அகலத்துக்கு வந்து நிற்கின்றன. தாளில் அப்படி முடியாது, 1:100 என்றால் கடைசி வரை 1:100தான். எது பெரிது, எது சிறிது என்ற உணர்வு உடம்பில் பதியாதவர், மென்பொருள் காட்டும் எண்ணைப் படிப்பார், அந்த எண் அபத்தமானது என்று அவருக்குத் தோன்றாது. செயலிகள் போட்டுத்தரும் படங்களில் படிக்கட்டுகள் எங்கே போகின்றன என்று ஒருமுறை விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். அவற்றைத் திருத்தும் வேலை உங்களுடையது என்றால், திருத்தும் கண் முதலில் உங்களிடம் இருக்க வேண்டும்.

கடைசி மறுப்புதான் நியாயமானது, எனக்கும் கடினமானது. "ஜூரியில் மதிப்பெண் அழகான ஷீட்டுக்குத்தான் விழுகிறது, அளந்து பார்த்து யார் மார்க் போடுகிறார்கள்?" பல இடங்களில் இது உண்மை. சுவர் முழுக்க ஷீட்டுகள் தொங்கும்போது, களைத்துப்போன கண் கவர்ச்சியானதன் பக்கம் போகும், நடுவர்களும் மனிதர்களே. உங்கள் வரைபடத்தின் இறுதி வாசகர் ஜூரி அல்ல, சைட்டில் நிற்கும் மேஸ்திரி என்று பதில் சொல்லலாம். அவர் உங்கள் நிழல்களைப் பார்க்க மாட்டார். எண்ணைப் பார்ப்பார், இரண்டு எண்கள் ஒத்துவராவிட்டால் போன் செய்வார். ஆனால் மேஸ்திரியைச் சந்திக்க இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன, மதிப்பெண்ணோ இந்த டிசம்பரில். எனவே பொறுத்திருங்கள் என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. உங்களால் ஒன்று செய்ய முடியும். வகுப்பாகச் சேர்ந்து உங்கள் ஸ்டுடியோ ஆசிரியர்களிடம் கேளுங்கள்: இந்த செமஸ்டரில் ஒரே ஒரு ஷீட்டை டேப்பால் மட்டும் திருத்துங்கள். கல்லூரி வளாகத்திலேயே ஒரு படிக்கட்டு, ஒரு ஜன்னல், கேன்டீனின் ஒரு மூலை போதும். பக்கத்தில் பழைய தெரு இருந்தால் ஒரு திண்ணை வீடு. மதிப்பீடு கறுப்பில், அளந்தது சிவப்பில், இரண்டும் அழிக்கப்படாமல். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் செமஸ்டரின் தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் எவ்வளவு குறைந்தது என்பதற்கு மட்டும் மதிப்பெண். கோட்டின் அழகுக்கு அந்த ஒரு ஷீட்டில் பூஜ்யம். ஆசிரியர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள் என்று நான் வாக்குத் தர முடியாது. மறுத்தால், நீங்களே பத்துப் பேர் சேர்ந்து மதிய இடைவேளையில் தொடங்குங்கள். ஐந்து மீட்டர் டேப் ஒன்றைப் பத்துப் பேர் பங்குபோட்டு வாங்கினால் ஆளுக்கு ஒரு டீ செலவுதான் ஆகும்.